சாமியாரைத் தூங்கவிடாத இன்னாசி

கல்லேரிக் கண்டிகை என்பது எங்கள் ஊர். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ரயில் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே மாதா கோயிலை ஒட்டி சாமியார் பங்களா உண்டு. அந்தப் பங்களாவின் குசினியில் சமைக்கிறவர் இன்னாசி. நான் அந்த வேதத்து ஆள் இல்லை. செக்கு ஆட்டுகிற குடும்பம், பேர் முனிரத்தினம். கோயிலுக்கு விளக்கெண்ணெயும் குசினிக்குத் தாளிக்கிற எண்ணெயும் என் செக்கிலிருந்து போகும். எனக்கும் இன்னாசிக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

ஆள் சத்தியவேடு பக்கம். அவருடைய நைனா தடாவில் உப்பு மூட்டை தூக்கினவர். இன்னாசி சின்ன வயதிலேயே பட்டணத்துக்குப் போய், ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குசினியில் பாத்திரம் துலக்கி, வெங்காயம் உரித்து, கடைசியில் கரண்டியைக் கையில் பிடித்தார். யுத்த காலத்தில் பட்டணத்தின்மேல் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்களே, அப்போது துரை ஊட்டிக்கு ஓடினார். இன்னாசி ஓர் இரும்பு வாணலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். வெயிலுக்காகக் கவிழ்த்தேன் என்பார். குண்டுக்காக என்று நாங்கள் சொல்வோம்.

வந்த அன்று சாமியார் பங்களாவில் ஒரு வேளை சோறு கேட்டார். போட்டார்கள். தின்றுவிட்டு, "இது இன்னா ரசம்?" என்று கேட்டு, நேரே குசினிக்குள் போய் வேறு ரசம் வைத்தார். அதற்கப்புறம் அந்தக் குசினியை விட்டு அவர் வெளியேறவில்லை. எங்கள் ஊர்ப் பெண் ஜெயம்மாவையே கட்டிக்கொண்டார். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர் சமையலில் ஒரே குறை, எதிலும் மிளகு தூக்கலாக இருக்கும். பாயசம் மட்டும் தப்பித்தது. அதுவும் ஜெயம்மா பக்கத்திலேயே நின்றதால்.

நான் சொல்லப்போகிற காலத்தில் பங்களாவில் இருந்தவர் பெரியநாயகம் சாமி. வந்தவாசிப் பக்கத்துக்காரர். பருத்த உடம்பு. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அலமாரி நிறைய லத்தீன் புத்தகம். சாயங்காலத்தில் கோயில் வாசலில் ஜனங்களை உட்கார வைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பது முதல் கேள்விகளில் ஒன்று. ஆண்டவரை அறிந்து, நேசித்து, கடைசியில் மோட்ச பாக்கியத்தை அடைய என்று எல்லாரும் ராகம் போட்டுச் சொல்வார்கள். ஒரு தரம் இன்னாசி குசினி வாசலிலிருந்தே கேட்டார்.

"மோட்சத்துல சாப்பாடு உண்டா சாமி?"

"விருந்துன்னுதான் வேதத்துல போட்டிருக்குது."

"அப்ப சமையல் யாரு?"

அன்றைக்கு சாமி சிரித்த சிரிப்பில் கோயில் புறா எல்லாம் பறந்து போயின.

அந்தச் சிரிப்புதான் நின்று போயிற்று.

ஐம்பத்து மூன்றில் ஆந்திரா தனி ராஜ்யம் ஆனபோது எங்கள் ஜில்லா அந்தப் பக்கம் போனது. அதிலிருந்து எங்கள் ஊரில் ஒருத்தனும் நிம்மதியாகக் கடலை விதைக்கவில்லை. மெட்ராஸோடு சேர்ந்தால் சொர்க்கம் என்றான் தமிழ்க்காரன். ஆந்திராவிலேயே கிடந்தால் சொர்க்கம் என்றான் தெலுங்குக்காரன். எங்கள் ஊரில் மாமியார் தமிழில் திட்டினால் மருமகள் தெலுங்கில் பதில் சொல்லுவாள். அப்படிப்பட்ட வீடுகள்கூட இரண்டாகப் பிரிந்தன. கோயிலுக்குள் பூசை மட்டும் ஒழுங்காக நடந்தது. அது லத்தீன். இரண்டு கட்சிக்கும் புரியாது, அதனால் சண்டை இல்லை.

அறுபதாம் வருஷம் தை மாதம் செபஸ்தியார் திருவிழா வந்தது. தேர் இழுக்கும்போது ஜெபமாலை சொல்லிக்கொண்டே போவார்கள். கோயிலிலிருந்து புளியமரம் வரைக்கும் தமிழ், புளியமரத்திலிருந்து திரும்பக் கோயில் வரைக்கும் தெலுங்கு. யார் வைத்த வழக்கமோ, நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் புளி மண்டி வைத்திருந்த ராயப்பன், முழுக்கத் தமிழில்தான் சொல்லணும் என்றார். நிலபுலன் வைத்திருந்த பாலசௌரி ரெட்டி, இது ஆந்திரா, முழுக்கத் தெலுங்கில்தான் என்றார். போகும்போது தமிழில் சொல்லிப் போய்விட்டார்கள். புளியமரத்தடியில் பேச்சு முற்றியது. இரண்டு பக்கமும் வடத்தைக் கீழே போட்டது. தேர் நின்றது.

பொழுது சாயும் வரை பார்த்தார் சாமி. பிறகு தேர்மேல் ஏறி, செபஸ்தியார் சிலையை, சுரூபம் என்பார்கள், இறக்கி, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, ஒண்டியாகக் கோயிலுக்கு நடந்தார். வெறுந்தேர் புளியமரத்தடியிலேயே நின்றது. யாரோ அதன் சக்கரத்தில் ஆடு கட்ட ஆரம்பித்தார்கள்.

அதற்கப்புறம் சாமி வாய் திறப்பது பூசையில் மட்டும் என்றாகிவிட்டது. பங்களாவுக்கு ஒருத்தரும் வரவில்லை. அவர் அந்தக் கட்சி என்று இந்தக் கட்சிக்கு எண்ணம், இந்தக் கட்சி என்று அந்தக் கட்சிக்கு. இன்னாசி அனுப்புகிற தட்டு அப்படியே திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் நான் எண்ணெய் டின்னோடு போனேன். சாமி வராந்தாவில் சாய்வு நாற்காலியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னாசி ஒரு கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றார்.

"நாட்டுக்கோழி சூப்பு சாமி. ஒரு வாய்."

"வேணாம் இன்னாசி."

"மொளகு கம்மியாத்தான் போட்டிருக்கறேன்."

இன்னாசி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உங்க புத்தகத்துல எல்லாத்துக்கும் எழுதிவச்சிருக்கறாங்களே. மனசு ஒடிஞ்சு போனா இன்னா பண்றதுன்னு ஒருத்தரும் எழுதலியா?"

அதற்குச் சாமி வாய் திறந்தார். நான் டின்னைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டேன்.

எகிப்து தேசத்து மணல்காட்டில் ஆரம்ப காலத்துத் துறவிகள் தனித்தனிக் குடிசை போட்டு இருந்தார்களாம். துக்கத்தை அவர்கள் கோபம், பேராசை எல்லாவற்றோடும் சேர்த்துக் கெட்ட குணங்களில் ஒன்றாக வைத்தார்கள். அதற்குக் கூடப்பிறந்த மாதிரி ஒரு பிசாசு நடுப்பகலில் வரும். வந்தால் சூரியன் நகராது. கையில் வேலை ஓடாது. துறவி வாசலுக்கு வந்து வந்து, யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். இந்த இடமே சரியில்லை, வேறு இடத்துக்குப் போனால் சுகமாக இருக்கலாம் என்று அது காதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

"அது எகிப்துலேந்து கெளம்பி இங்க வந்து ஏழு வருசம் ஆவுது சாமி," என்றார் இன்னாசி. "அந்தப் பக்கம் போனா சொகம், இந்தப் பக்கம் இருந்தா சொகம்னு ஊர் முழுக்க அதானே பேசிக்கினு திரியுது."

சாமியின் உதடு லேசாக அசைந்தது. பிறகு இன்னொருத்தரைப் பற்றிச் சொன்னார். அந்தத் துறவிகளுக்கு எத்தனை நூறு வருஷம் பின்னால் என்று எனக்கு ஞாபகம் இல்லை; இத்தாலியில் ஒரு துறவி, சாமியை விடப் பருத்தவராம். மனுஷன் எதைச் செய்தாலும் சந்தோஷத்தைத் தேடித்தான் செய்கிறான், தப்பு செய்கிறவனும் அதைத்தான் தேடுகிறான், தேடுகிற இடம்தான் தவறு என்று பெரியவர்கள் சொல்லி வந்ததை எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பணத்தில் இருக்கிறதா? இல்லை. பேர் புகழில்? இல்லை. அதிகாரத்தில், உடம்பு சுகத்தில்? அதிலும் இல்லை. ஆண்டவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறபோதுதான் முழுச் சந்தோஷம் என்று முடித்தார். ஆனால் இந்தப் பூமியில் கிடைக்கிற அரைகுறைச் சந்தோஷத்துக்கு உடம்பும் நன்றாக இருக்க வேண்டும், கூட சிநேகிதரும் வேண்டும் என்று எழுதினார். துக்கத்துக்கு மருந்தும் எழுதினார்.

"இன்னா மருந்து?" என்றார் இன்னாசி.

"மனசுக்குப் பிடிச்சது எதையாவது செய்யலாம். வாய் விட்டு அழலாம். சிநேகிதன் வந்து உக்காந்தா பாரம் கொறையும். சத்தியத்தை நெனைக்கலாம். அப்புறம் குளிக்கலாம், தூங்கலாம்."

"குளிக்கலாமா?"

"ஆமா."

"வேத சாஸ்திரத்துலயா அப்படி எழுதியிருக்குது?"

"தூக்கமும் குளியலும். ரெண்டையும் ஒண்ணாவே வச்சி எழுதியிருக்கறாரு."

இன்னாசி என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த எண்ணெய் டின்னைப் பார்த்தார்.

குசினிப் பின்கட்டில் வைத்து இன்னாசி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. தன்னை இந்த ஊரிலிருந்து எடுத்துவிடும்படி சாமி, சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரிடம் கேட்டுவிட்டாராம். இவர் போனால் வேறு சாமியார் கிடையாது. கோயிலைப் பூட்டிச் சாவியை டவுன் கோயிலில் கொடுத்துவிடுவார்கள்.

"உனக்கு டவுன்லயே குசினி கொடுப்பாங்களே அண்ணே," என்றேன்.

"இப்பவே கூப்புட்டுக்கினுதான் இருக்கறாங்கோ. வேலைக்கா பார்க்கறேன்? அந்த மனுசன் இந்த மூஞ்சியோட இந்த ஊரை விட்டுப் போவக் கூடாதுடா. வரும்போது எப்படி வந்தாரு." அடுப்பை ஊதினார். "மத்த மருந்து எனுக்குத் தெரியாது. குளியல் நம்ம கையில இருக்குது. சனிக்கெழமை வந்துடு. உன் கைக்குத்தான் பலம்."

சனிக்கிழமை காலையில் புதிதாக ஆட்டிய நல்லெண்ணெயோடு போனேன். சாமி முதலில் மாட்டேன் என்றார். "எழுதினவரு மேல மரியாதை இல்லியா சாமி?" என்று இன்னாசி கேட்டதும் எழுந்து வந்துவிட்டார். கிணற்றடிப் பலகையில் துண்டோடு உட்கார வைத்து, உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தட்டினேன். தோளைப் பிடித்துவிட்டேன். முதுகு கல் மாதிரி இருந்தது. மாட்டுக்குக்கூட அப்படி இறுகிப் பார்த்ததில்லை. ஊறவைத்து, ஜெயம்மா கொதிக்கக் கொதிக்க வைத்த வெந்நீரை விளாவி, சீயக்காய் தேய்த்து ஊற்றினோம். தலை துவட்டிச் சாம்பிராணிப் புகை காட்டினோம். மிளகு ரசமும் பருப்புத் துவையலும் பரிமாறினார் இன்னாசி. திருவிழாவுக்குப் பிறகு முதல் தரமாகச் சாமி இரண்டாவது தரம் சோறு கேட்டார்.

கை கழுவியதும் கண் சொருகியது. "மருந்துல பாதி ஆச்சு இன்னாசி. மீதியும் ஆவட்டும்," என்று கட்டில் பக்கம் நடந்தார்.

எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. இன்னாசி ஓடிப்போய்ப் படுக்கையறை வாசலில் குறுக்கே கையை நீட்டினார்.

"எண்ணெ தேச்சிக் குளிச்சிட்டுப் பகல்ல தூங்கக் கூடாது சாமி. ஜன்னி வந்துடும்."

"தூங்கணும்னுதானேப்பா எழுதியிருக்குது."

"எழுதினவரு தலைக்கு இன்னா எண்ணெ வச்சாரு?"

சாமி யோசித்தார். "வச்சிருந்தா ஒலிவ எண்ணெயா இருக்கும். வெறும் தண்ணிலயும் குளிச்சிருப்பாரு."

"அதான். அவரு தூங்கலாம். நீங்க நம்ம முனிரத்தினம் செக்கு நல்லெண்ணெயில குளிச்சிருக்கறீங்கோ. வெளக்கு வைக்கற வரைக்கும் கண்ண மூடக் கூடாது."

சாமியை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் கடலை விலை பேசினேன், இன்னாசி துரை வீட்டுக் கதை சொன்னார். எங்கள் கதையெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். தலை தொங்கித் தொங்கி விழுந்தது. இன்னாசி பயந்துவிட்டார். "நீ போய் ஊர்ல ஆளைக் கூட்டிக்கினு வா. யாரா இருந்தாலும் சரி," என்று என்னை விரட்டினார்.

புளி மண்டிக்குப் போனேன். சாமி எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார், தூக்கம் சொக்குகிறது என்றேன். ராயப்பன் வேறெதுவும் கேட்கவில்லை. "எப்ப குளிச்சாரு?" என்று மட்டும் கேட்டு மேல்துண்டை எடுத்தார். அங்கிருந்து ரெட்டியின் களத்துக்குப் போனேன். "தலண்டு போசுகுன்னாரா?" தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாரா என்று தெலுங்கில் கேட்டு ரெட்டி எழுந்துவிட்டார். அவருடைய சின்னமாமா எண்ணெய்க் குளியலுக்கப்புறம் தூங்கித்தான் காய்ச்சலில் போனாராம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மாமா இல்லாத வீடு கிடையாது. மற்றவரும் அங்கே வருகிறார் என்று நான் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வராந்தாவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். ஆனால் திரும்பிப் போக முடியாது. சாமிக்கு ஒரு பக்கம் ராயப்பன், இன்னொரு பக்கம் ரெட்டி. இரண்டு பேரும் ஊமையாக உட்கார்ந்தார்கள். அந்த அமைதியில் சாமி தலை சாய்ந்தது.

"சாமி," என்றார் ராயப்பன்.

"ஸ்வாமி, நித்ர போவத்து," என்றார் ரெட்டி.

சாமி விழித்தார். மறுபடி அமைதி. மறுபடி தலை சாய்ந்தது. இப்படியே போனால் சரிப்படாது என்று ராயப்பன் பேச்சை எடுத்தார். எடுத்த பேச்சைப் பாருங்கள்.

"அன்னிக்கி வடத்தை மொதல்ல கீழ போட்டது யாருன்னு சாமிக்குத் தெரியும்."

"ஏமய்யா ராயப்பா, போட்டது உங்க ஆளு. நான் கண்ணால பார்த்தேன்."

"உன் கண்ணுதான் அன்னிக்கி சிவந்து கெடந்துச்சே, எதப் பார்த்த?"

"உன் நாக்கு மட்டும் குளிர்ச்சியா இருந்துச்சா?"

சாமிக்கு இப்போது தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. ஜெயம்மா காபி டம்ளர்களோடு வந்தாள். "சாமியைத் தூங்காம பார்த்துக்கினா போதும். ஊரை எழுப்ப வேணாம்," என்று இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு டம்ளரைத் திணித்துவிட்டுப் போனாள்.

அப்போது சாமி பேசினார். யாரையும் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துப் பேசினார்.

"வடத்தை யார் போட்டதுன்னு நான் பார்க்கல. சுரூபம் ரொம்பக் கனம். புளிய மரத்துலேந்து கோயில் வரைக்கும், யாராவது ஒரு கை குடுப்பாங்கன்னு நெனச்சிக்கினே நடந்தேன்."

சொல்லிவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் தோள் குலுங்க அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ரெட்டி பாதி எழுந்து நின்றார். ராயப்பன் டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். குசினி வாசலிலிருந்து இன்னாசியின் குரல் வந்தது.

"அழட்டும், உடுங்கோ. அதுவும் மருந்துல ஒண்ணுதான்."

சாமி அழுது முடிக்கும் வரை யாரும் அசையவில்லை. பிறகு ராயப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் பின்னால வந்தேன் சாமி. கொஞ்சம் தூரமா, ஏரிக்கரை ஓரமா. நீங்க உள்ள போயி கதவு சாத்தற வரைக்கும் பார்த்துட்டுத்தான் போனேன். கிட்ட வரலாம்னுதான். இவரு ஆளுங்க பார்த்தா இன்னா சொல்லுவாங்களோன்னு."

ரெட்டி அவரை ஒரு மாதிரி பார்த்தார். "நீ ஏரிக்கரைல வந்தியா? நேனு கூட வந்தேன். கள்ளி வேலி இந்தப் பக்கம். உங்க ஆளுங்க பார்ப்பாங்கன்னு குனிஞ்சிக்கினே வந்தேன். முள்ளு கீறிப் பஞ்சகச்சம் கிழிஞ்சி போச்சு."

ஏரிக்கரையில் ஒருத்தர், வேலியோரத்தில் குனிந்தபடி ஒருத்தர், நடுவில் சுரூபத்தோடு சாமி.

"அப்ப மூணு பேரும் ஒண்ணாத்தான் போயிருக்கறீங்கோ," என்றார் இன்னாசி. "செபஸ்தியாருக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்குது."

சாமிக்கு முதலில் வயிறு குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அந்தப் பழைய சிரிப்புச் சத்தம். தெருமுனையில் நின்றவர்கள் என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார்கள். வந்தவர்களையும் இன்னாசி விடவில்லை, சாமியைத் தூங்காமல் பார்த்துக்கொள்ள உட்கார வைத்துவிட்டார். பங்களா வராந்தாவில் இடம் போதவில்லை.

விளக்கு வைத்ததும் சாமி போய்ப் படுத்தார். மறுநாள் ஞாயிறு. முதல் மணி அடிக்க அவர் எழுந்திருக்கவில்லை. எழுப்பவும் இன்னாசிக்கு மனசில்லை. தானே போய்க் கயிற்றை இழுத்து மணி அடித்தார். ஜனங்கள் வந்து காத்திருந்தார்கள். ஏன் தாமதம் என்று ஒருத்தரும் முனகவில்லை. பூசை முடிந்ததும் எல்லாரும் புளியமரத்துக்குப் போனார்கள். ஆட்டை அவிழ்த்துவிட்டு, சுரூபத்தைத் தேரில் ஏற்றி, நின்ற இடத்திலிருந்து இழுத்தார்கள். தமிழ்ப் பாதி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதல்லவா, பாக்கி இருந்தது தெலுங்குப் பாதி. ரெட்டி ஆரம்பித்தார். ராயப்பன் வடத்தைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார். எந்த மொழியில் என்று நான் பக்கத்தில் போய்க் கேட்கவில்லை.

போகவில்லை, இருக்கிறேன் என்று சாமி மேற்றிராணியாருக்குச் சொல்லி அனுப்பினார். அந்தச் சித்திரைக்கு முன்னாலேயே எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். அன்றைக்கும் கிணற்றில் அதே தண்ணீர்தான். இன்னாசி அதில்தான் ரசம் வைத்தார்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் சாமிக்கு எண்ணெய்க் குளியல் என்றாயிற்று. குளித்த பின் தூங்காமல் பார்த்துக்கொள்ள யாருக்கு ஓய்வோ அவர்கள் வருவார்கள். ராயப்பனும் ரெட்டியும் வந்தால் சண்டை உண்டு, அதனால் அவர்களைத்தான் இன்னாசி அதிகம் கூப்பிடுவார். சாமி எங்கள் ஊரில் இன்னும் எட்டு வருஷம் இருந்து, சிரித்த முகமாகவே மாற்றலாகிப் போனார். இன்னாசி அதே குசினியில் இன்றைக்கும் இருக்கிறார். கை நடுங்குகிறது. அதனால் மிளகு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது.

சாமி போவதற்குக் கொஞ்ச நாள் முந்தின ஒரு சனிக்கிழமை நான் அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீர் அண்டாவைத் தூக்கி வந்த இன்னாசியைப் பார்த்துச் சாமி கேட்டார்.

"ஏம்ப்பா இன்னாசி, அந்தத் துறவி பக்கம் பக்கமா எழுதினாரே, நீ ஒரு வார்த்தையில சொல்லு. நீ சந்தோசமா இருக்கறியா?"

இன்னாசி குசினிப் பக்கம் மூக்கைத் திருப்பினார்.

"ரசம் பொங்குது சாமி," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

"பார்த்தியா முனிரத்தினம், பதில் சொல்லாம போறான்," என்றார் சாமி.

நான் அவர் உச்சந்தலையில் இன்னும் ஒரு கை எண்ணெய் வைத்துத் தட்டினேன்.